கடைக்கு ‘சிஸ்டம்’ போடுவது என்றால் என்ன?

சிறு தொழில் செய்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் இங்கே வந்து நிற்கும்: “எல்லாத்தையும் நானே பார்க்க வேண்டியிருக்கு. ஒரு சிஸ்டம் போடணும்.” உடனே ஒருவர் ஒரு பில்லிங் சாஃப்ட்வேரின் பெயரைச் சொல்வார். இன்னொருவர், நல்ல மேனேஜராகப் பார்த்து வையுங்கள் என்பார். மூன்றாமவர், இரண்டாவது கிளை திறந்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பார். அப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் இன்னும் இரண்டாவது கிளை திறக்காதவராக இருப்பார்.

சிஸ்டம் என்றால் கம்ப்யூட்டர், வளர்ச்சித் திட்டம் என்றால் “அடுத்த வருஷம் இரண்டு மடங்கு விற்கணும்” என்ற ஆசை. இப்படித்தான் இந்த இரண்டு சொற்களும் புழங்குகின்றன. சாஃப்ட்வேர் வாங்கி மூன்று மாதத்தில் கைவிட்ட கடைகளும், ஆர்டர் கூடிய வருடத்திலேயே கடனில் விழுந்த பட்டறைகளும் ஊருக்கு ஊர் இருப்பதற்கு இந்தக் குழப்பம் ஒரு முக்கியக் காரணம். அதனால் அடிப்படையிலிருந்து பார்ப்போம். கணக்கியல் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், பெருக்கல் போதும்.

ஐந்து பேர் சாம்பாரும் ஐநூறு பேர் சாம்பாரும்

வீட்டில் ஐந்து பேருக்கு அருமையாகச் சாம்பார் வைக்கும் ஒருவரிடம் ஐநூறு பேருக்கு வைக்கச் சொல்லிப் பாருங்கள். எல்லாவற்றையும் நூறால் பெருக்கினால் சரியாக வராது. உப்பும் புளியும் மிளகாயும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. அண்டாத் தண்ணீர் கொதிக்கவே நெடுநேரம் ஆகும். காய் நறுக்குவது முந்தின இரவே தொடங்க வேண்டும். வெந்த பருப்பைத் தூக்கிக் கொட்ட இரண்டு ஆள் வேண்டும். கைமணம் அதேதான், வேலை வேறு.

கல்யாணச் சமையல்காரர் பேச வரும்போது கவனியுங்கள். எத்தனை பேர், எத்தனை வேளை என்று கேட்டுவிட்டு ஒரு தாளில் சாமான் லிஸ்ட் எழுதுவார். அப்புறம் பாத்திர லிஸ்ட். அடுத்து மண்டபத்தில் தண்ணீர் எந்தப் பக்கம், அடுப்பு எத்தனை, பரிமாற எத்தனை பேர் என்று கேட்பார். அவர் கையில் கம்ப்யூட்டர் இல்லை. ஆனால் அவரிடம் சிஸ்டமும் இருக்கிறது, வளர்ச்சித் திட்டமும் இருக்கிறது. லிஸ்ட் தாளில் இருப்பதால், அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் வந்தாலும் பந்தி நிற்காது. இத்தனை பேர் என்றால் எது போதாமல் போகும் என்பதையும் முந்தைய நாளே பார்த்துவிடுகிறார். இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டு வேலைகளைப் பற்றித்தான்.

தலைக்குள் இருக்கும் கடை

உதாரணத்துக்கு ஒரு கற்பனையான இட்லி மாவுக் கடையை எடுத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள், உதவிக்கு இரண்டு பேர். ஒரு நாளைக்கு 100 கிலோ மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, சுற்றுவட்டார மளிகைக் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். நல்ல பெயர் இருக்கிறது.

இந்தக் கடை உண்மையில் எங்கே இருக்கிறது? பெரும்பகுதி அந்த அம்மாவின் தலைக்குள். மழைநாளில் மாவு மெதுவாகப் புளிக்கும், அதனால் எத்தனை மணிக்கு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், எந்த அரிசி வியாபாரியின் மூட்டை கொஞ்சம் கூடுதல் தண்ணீர் இழுக்கும், எந்தக் கடைக்காரர் சனிக்கிழமை மட்டும் பணம் தருவார், யாருக்கு 20 பாக்கெட், யாருக்கு 15 என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் மூன்று நாள் ஊருக்குப் போனால் கடையும் கூடவே போய்விடும். ஃபோன் மட்டும் ஓயாது.

இப்போது சிஸ்டம் என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிடலாம். ஒரு வேலையை யார் செய்வது, எப்போது செய்வது, எப்படிச் செய்வது, செய்து முடித்ததற்கு என்ன அடையாளம் என்ற நான்கும் முதலாளியைக் கேட்காமலே அங்கு வேலை செய்பவருக்குத் தெரிந்தால், அந்த வேலைக்கு சிஸ்டம் இருக்கிறது. எழுதி ஒட்டிய தாள், நோட்டுப் புத்தகம், சுவரில் சாக்பீஸ் கோடு என எந்த வடிவிலும் அது இருக்கலாம்.

நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். “ராத்திரி ஃப்ரிட்ஜ் கதவு சரியாச் சாத்தியிருக்கான்னு பாரு” என்று சொல்வது பாதி வேலைதான். பார்த்தவர் நோட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்கிறார் என்றால்தான் பார்த்தார் என்று தெரியும். அடையாளம் இல்லாத இடத்தில் முதலாளி திரும்பத் திரும்பப் போய் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இது வெளிநாட்டு மேலாண்மைப் பாடம் என்று நினைக்க வேண்டாம். நாட்டுக்கோட்டை நகரத்தார் இதைச் செய்து காட்டியவர்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், கடை பர்மாவிலோ மலேயாவிலோ இலங்கையிலோ நடக்கும். இன்றுபோல நினைத்தவுடன் ஃபோன் போடும் வசதி கிடையாது. கடையை நடத்த ஏஜெண்ட் போவார், வழக்கமாக மூன்று வருடத் தவணைக்கு. அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன் என்று படி உண்டு. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பார்த்துப் பழகி, படிப்படியாக மேலே வந்தவர்கள்தான் பிறகு கடைகளை நடத்தினார்கள். கணக்கு ஊருக்கு வந்துகொண்டிருக்கும். அவர்கள் போட்ட ‘ஐந்தொகை’ என்ற சொல்லை இலங்கைத் தமிழ் மாணவர்கள் இன்றும் இருப்புநிலைக் குறிப்புக்கு, அதாவது பேலன்ஸ் ஷீட்டுக்குப் பயன்படுத்துகிறார்கள். கடல் கடந்த கடையில் முதலாளியின் கண் படாது. அந்தக் கண்ணின் வேலையை அங்கே கணக்குப் புத்தகம் செய்தது.

இதுவரை சொன்னது: முதலாளியின் தலையில் இருப்பதை வெளியே எடுத்து, அடுத்தவர் கையில் கொடுக்கும்படி ஆக்கினால் அது சிஸ்டம். செய்து முடித்ததற்கு அடையாளமும் சேர்ந்தால்தான் அது முழுமை.

தலையிலிருந்து தாளுக்கு

எதிலிருந்து தொடங்குவது? எல்லாவற்றையும் எழுதப் புறப்பட்டால் நாற்பது பக்கம் வரும், யாரும் படிக்க மாட்டார்கள். அழகாக லேமினேட் செய்த விதிமுறைத் தாள், மாதக் காலண்டருக்குப் பின்னால் தொங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

எளிய வழி ஒன்று உண்டு. ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, வேலை செய்பவர்கள் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் எழுதுங்கள். “அக்கா, இன்னிக்கு எத்தனை படி ஊறப் போடட்டும்?” “அண்ணே, அந்தக் கடைக்காரர் பாதிப் பணம்தான் தர்றார், வாங்கட்டுமா?” “ரிட்டர்ன் வந்த பாக்கெட்டை எங்க வைக்க?” வார முடிவில் பார்த்தால் கேள்விகள் நிறைய இருக்கும், ஆனால் திரும்பத் திரும்ப வருபவை சிலதான். அவற்றுக்கு மட்டும் பதிலை எழுதி, அந்த வேலை நடக்கும் இடத்திலேயே ஒட்டுங்கள். ஊறப் போடும் கணக்கு தொட்டிக்கு மேலே. ரிட்டர்ன் விதி ஃப்ரிட்ஜ் கதவில். அலுவலக ஃபைலில் வைத்தால் பிரயோஜனமில்லை.

அனுபவசாலிக்கு எதற்குத் தாள் என்று ஒரு கேள்வி வரும். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஓஹியோவில் போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு எஞ்சின் விமானம், மாடல் 299, ராணுவத்துக்குக் காட்டப்பட்டது. ஓட்டியவர் தேர்ந்த விமானி. கிளம்பி மேலே ஏறியதுமே விழுந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். விமானம் தரையில் நிற்கும்போது அதன் வாலிலுள்ள அசையும் பலகைகள் காற்றில் ஆடாமலிருக்கப் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு செய்த மாற்றங்களில் ஒன்று மிக எளிமையானது: கிளம்பும் முன் படித்துச் சரிபார்க்க ஒரு செக்லிஸ்ட். அதே விமானம் பி-17 என்ற பெயரில் இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் பறந்தது. திறமை குறைந்தவருக்காக வந்ததல்ல அந்தத் தாள். வேலையின் படிகள் கூடக்கூட, தெரிந்தவரும் ஒன்றை மறப்பார்.

சரக்கு வாங்குவதற்கும் இதே போல ஒரு சின்ன ஏற்பாடு போதும். வீட்டில் டபுள் சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை மாட்டுவோம், அன்றே புக் செய்வோம். தினமும் சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பதில்லை. கடைச் சரக்கிலும், “இந்த அளவுக்கு இறங்கினால் ஆர்டர் போட வேண்டும்” என்று ஒரு கோடு உண்டு. அதை மறு ஆர்டர் அளவு என்பார்கள். நம் மாவுக் கடைக்கு நாளொன்றுக்கு 8 கிலோ உளுந்து செலவாகிறது. சொன்னால் மூன்று நாளில் வந்து சேரும். லாரி தாமதமானால் என்ன செய்வது என்று இரண்டு நாள் கூட்டிக்கொண்டால் ஐந்து நாள், அதாவது 40 கிலோ. அந்த 40 கிலோவைத் தனி மூட்டையாக்கி சிவப்புக் கயிறு கட்டிவிட்டால் போதும். சிவப்புக் கயிற்றைப் பிரிப்பவர் அன்றே வியாபாரிக்கு ஃபோன் செய்ய வேண்டும், அவ்வளவுதான் விதி. ஸ்டாக் பார்க்க ஆப் எல்லாம் பிறகு வரட்டும்.

எது முதலில் முட்டும்?

சரி, கடை ஓரளவு தானாக ஓடுகிறது. இப்போது ஒரு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஆள் வருகிறார். அவர்களுக்குப் பல கிளைகள். தினமும் கூடுதலாக 200 கிலோ மாவு கேட்கிறார். 100 கிலோ கடை 300 கிலோ கடையாகலாம். வீட்டில் கொண்டாட்டம்.

முதலில் தோன்றும் யோசனை என்ன? பெரிய கிரைண்டர் வாங்குவது. மாவுக் கடை என்றால் கிரைண்டர்தானே. கோயம்புத்தூருக்கு ஃபோன் பறக்கும்.

கொஞ்சம் பொறுத்து, இந்தக் கடையின் ஒவ்வொரு கட்டமும் ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை கிலோவைத் தாங்கும் என்று எழுதிப் பார்ப்போம். ஊறவைக்கும் தொட்டிகள் 300 கிலோ மாவுக்கான அரிசியைத் தாங்கும். கிரைண்டர் 150 கிலோ அரைக்கும். பாக்கெட் போடும் பெண் வேலை நேரத்துக்குள் 200 கிலோ போடுவார். ஃப்ரிட்ஜில் 180 கிலோ பிடிக்கும். டிவிஎஸ் எக்ஸெல்லில் காலையில் இரண்டு ட்ரிப் அடித்தால் 120 கிலோ கடைகளுக்குப் போகும்.

இதில் மிகச் சிறிய எண் 120. கடையிலிருந்து ஒரு நாளைக்கு 120 கிலோவுக்கு மேல் வெளியே போக முடியாது, மற்றவை எவ்வளவு பெரிதாக இருந்தாலும். இப்படி மொத்த வேலையின் அளவையும் தீர்மானிக்கும் அந்த ஒரு கட்டத்துக்கு இங்கே இடுக்கு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பானை பெரிதாக இருந்தாலும் கழுத்து எவ்வளவோ அவ்வளவுதான் ஊற்றும். லட்ச ரூபாய்க்குக் கிரைண்டர் வாங்கியிருந்தால் அரைத்த மாவு ஃப்ரிட்ஜில் இடமில்லாமல் புளித்திருக்கும், வண்டி அதே 120 கிலோவைத்தான் கொண்டுபோயிருக்கும்.

இடுக்கின் இன்னொரு குணம், அது இடம் மாறும். வண்டிப் பிரச்சினையைத் தீர்த்தால் 150-ல் கிரைண்டர் முட்டும். கிரைண்டரை மாற்றினால் 180-ல் ஃப்ரிட்ஜ். அதன் பிறகு 200-ல் பாக்கெட். 300 கிலோ ஆர்டரை அப்படியே ஏற்றால் ஐந்து கட்டத்தில் நான்கை ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். வேலை செய்யும் நாலு பேருக்கும் அந்த மாதம் தூக்கம் இருக்காது. பழைய மளிகைக் கடைகளுக்குப் போகும் மாவின் தரமும் அப்போதுதான் கெடும், இத்தனை நாள் சோறு போட்டது அவர்கள்தான்.

பல தொழில்களில் இடுக்கு ஒரு இயந்திரமாக இருக்காது, முதலாளியாகவே இருக்கும். தையற்கடையில் வெட்டுவது அவர் மட்டும், அச்சகத்தில் விலை சொல்வது அவர் மட்டும், ஒர்க்‌ஷாப்பில் வண்டியின் கோளாறைக் கண்டுபிடிப்பது அவர் மட்டும். அங்கே ஆள் கூட்டினால் அவர் முன்னால் நிற்கும் வரிசை நீளும், வேலை கூடாது. முன் பகுதியில் சொன்ன நோட்டும் தாளும் இந்த வகை இடுக்குக்குத்தான் மருந்து.

சுருக்கமாக: வளர்ச்சித் திட்டத்தின் முதல் கேள்வி “எவ்வளவு விற்கலாம்” இல்லை, “எது முதலில் முட்டும்” என்பதே. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் எழுதிப் பார்த்தால் பதில் அங்கேயே இருக்கும்.

லாபம் இருக்கிறது, கையில் பணம் இல்லை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நன்றாக நடந்த தொழில்கள் வளரும்போது கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். நஷ்டத்தில் மூடிய கடையைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஆர்டர் குவிந்த கடை ஏன் மூடியது என்பதுதான் ஊருக்குப் புரிவதில்லை. “சூது ஆடினான் போல” என்று பேச்சு வேறு கிளம்பும்.

கணக்கு இது. ஒரு கிலோ மாவுக்கு எல்லாச் செலவும் சேர்த்து ₹40. அதில் அரிசியும் உளுந்தும் மட்டும் ₹25. சூப்பர் மார்க்கெட் தருவது கிலோவுக்கு ₹48. லாபம் ₹8. நாளைக்கு 200 கிலோ என்றால் ₹1,600, மாதம் ₹48,000. யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் சூப்பர் மார்க்கெட் பணம் தருவது 45 நாள் கழித்து. அரிசி வியாபாரி ரொக்கம் கேட்கிறார். கூலி வாரா வாரம். கரண்ட் பில் யாருக்காகவும் காத்திருக்காது. ஆக, முதல் ரூபாய் உள்ளே வரும் முன் தினமும் ₹8,000 வீதம் 45 நாளுக்கு ₹3,60,000 வெளியே போகிறது. இது போக ஒரு வாரத்துக்கான அரிசி, உளுந்து இருப்பு வைக்க ₹35,000. மொத்தம் ₹3,95,000.

இப்படிச் சரக்காகவும், வர வேண்டிய பாக்கியாகவும் தொழிலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு சுற்றும் பணத்துக்கு நடைமுறை மூலதனம் என்று பெயர். பேச்சு வழக்கில் ரொட்டேஷன் பணம். கிரைண்டர் வாங்கப் போடும் முதலீட்டைக் கண்ணால் பார்க்கலாம், ரொட்டேஷன் பணம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை.

46-ஆம் நாளிலிருந்து தினமும் ₹9,600 வருகிறது, ₹8,000 போகிறது, ₹1,600 மிஞ்சுகிறது. அந்த ₹1,600-ஐ வைத்து ₹3,95,000-ஐ நிரப்ப 247 நாள் ஆகும். முதல் 45 நாளையும் சேர்த்தால் ஏறக்குறைய பத்து மாதம். பத்து மாதமும் கணக்கில் லாபம் இருக்கும், அந்த ஆர்டரிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு ரூபாய் இருக்காது. விற்பனை கூடக்கூட இந்தப் பள்ளம் ஆழமாகும். வளர்ச்சி தன் சாப்பாட்டைத் தானே முன்கூட்டிக் கேட்கும்.

இந்தப் பணத்தை இரண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்க்கு வாங்கினால், வட்டி மட்டும் மாதம் ₹7,900. திரும்பி வரும் பாக்கெட்டுகளின் நஷ்டத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. மாவு அழுகும் பொருள், விற்காமல் போனதைப் பெரிய கடைகள் உங்கள் தலையில்தான் கட்டும்.

பணம் வரும் நாளைக் குறைப்பது விலையைக் கூட்டுவதைவிடப் பெரிய விஷயமாக இருக்கலாம். 45 நாளை 15 நாளாக்கினால் மாட்டிக்கொள்ளும் பணம் ₹2,40,000 குறைகிறது. இரண்டு வட்டியில் அதற்கான செலவு மாதம் ₹4,800. கிலோவுக்கு 50 காசு தள்ளுபடி தருவதாகச் சொல்லி 15 நாளில் பணத்தை வாங்க முடிந்தால் மாதம் ₹3,000-தான் போகும். அதுவே லாபம். ஒரு ரூபாய் தள்ளுபடி என்றால் ₹6,000 போகும், அப்போது கடனே மேல். பேரம் பேசப் போகும் முன் இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் போட்டுக்கொண்டு போகலாம்.

சட்டமும் கொஞ்சம் துணைக்கு வரும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் போட்டிருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கு உத்யம் பதிவு, அதாவது இத்தகைய தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு வேண்டும். 2020 ஜூலை முதல் இருக்கும் இந்தப் பதிவு ஆன்லைனில் இலவசம். ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம். இருந்தாலும் ஒன்று: முக்கால்வாசி சரக்கை வாங்கும் கடைக்கு எதிராகப் புகார் கொடுக்க எந்த முதலாளிக்குத் துணிச்சல் வரும்? சட்டத்தை நம்பி 45 நாளுக்கு ஒத்துக்கொள்வதைவிட, தொடக்கத்திலேயே 15 நாள் கேட்பது சுலபம்.

செலவு படிக்கட்டாக ஏறும்

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். விற்பனை கிலோ கிலோவாக ஏறும், சில செலவுகள் அப்படி ஏறாது. ஃப்ரிட்ஜை 10 கிலோ மட்டும் பெரிதாக்க முடியாது, இன்னொன்று வாங்க வேண்டும். அரை ஆளை வேலைக்கு வைக்க முடியாது. விற்றாலும் விற்காவிட்டாலும் மாதா மாதம் நிற்கும் வாடகை, சம்பளம், தவணை போன்றவை நிலைச்செலவு. அது படிக்கட்டு மாதிரி ஒரே குதியாகக் குதிக்கும். படியில் ஏறிய முதல் சில மாதங்கள் லாபம் குறையும், அது இயல்பு.

அரசாங்கமும் சில படிகளை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை ₹40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், சேவை தருபவருக்கு ₹20 லட்சம். பொதுவாக வேலையாட்கள் 10 பேரானால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு, 20 பேரானால் பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதி. நம் மாவுக் கடை இப்போது 100 கிலோவை ₹50 வீதம் விற்கிறது, வருடத்துக்கு ₹18.25 லட்சம். சூப்பர் மார்க்கெட்டின் 200 கிலோ சேர்ந்தால் ₹53 லட்சத்தைத் தாண்டும். ஆக அந்த ஒரு ஆர்டரோடு ஜிஎஸ்டி கணக்கு, அதைப் பார்க்க ஆடிட்டர், ஒழுங்கான பில் எல்லாம் கூடவே வரும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் விலை பேசும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

சாஃப்ட்வேர் எப்போது? நோட்டில் ஒழுங்காக எழுதும் பழக்கம் வந்து, நோட்டு கை கொள்ளாமல் போகும்போது. எழுதாத கணக்கை எந்த ஆப்பும் கண்டுபிடித்துத் தராது.

பதின்மூன்று கட்டம் போட்ட தாள்

கடைசியாக, இத்தனையையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க ஒரு தாள். குறுக்கே 13 கட்டம் போடுங்கள், ஒரு கட்டம் ஒரு வாரம், மொத்தம் மூன்று மாதம். ஒவ்வொரு வாரமும் கையிருப்பு, உள்ளே வரும் ரொக்கம், வெளியே போகும் ரொக்கம். விற்பனையை எழுதக் கூடாது, பணம் எந்த வாரம் கைக்கு வருகிறதோ அந்த வாரத்தில்தான் எழுத வேண்டும். விதி அவ்வளவே.

நம் தம்பதியின் கையில் ₹1,00,000 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய வியாபாரத்தில் வீட்டுச் செலவு போக வாரம் ₹2,000 மிஞ்சுகிறது. 200 கிலோ ஆர்டரை ஏற்றால் முதல் வாரமே இருப்புக்கு ₹35,000, நடப்புச் செலவுக்கு ₹56,000 போய், கையில் ₹11,000 நிற்கும். இரண்டாவது வாரக் கட்டத்தில் மைனஸ் ₹43,000. சூப்பர் மார்க்கெட்டிலிருந்து முதல் பணம் வருவது ஏழாவது வாரத்தில். அதற்குள் பள்ளம் ₹2,80,000-ஐத் தாண்டிவிடும். இதில் கிரைண்டர், ஃப்ரிட்ஜ், வண்டி எதுவும் சேரவில்லை.

இதே தாளைத் திருப்பிப் போட்டும் கேட்கலாம்: கையிலுள்ள ஒரு லட்சம் எத்தனை கிலோவைத் தாங்கும்? தினம் ஒரு கிலோ கூட்டினால் 45 நாள் செலவு ₹1,800, ஒரு வார இருப்பு ₹175, ஆக ₹1,975 மாட்டிக்கொள்ளும். ஒரு லட்சத்தை அதால் வகுத்தால் 50 கிலோ. ஏற்கெனவே போகும் 100-ஐச் சேர்த்தால் 150, பழைய கிரைண்டரின் எல்லை சரியாக அதுவே. ஃப்ரிட்ஜ் தாங்கும், பாக்கெட் போடுபவர் தாங்குவார், ஆண்டு விற்பனை ₹27 லட்சம், ஜிஎஸ்டி கோடு இன்னும் தூரத்தில். முட்டுவது வண்டி மட்டும். ஒரே கிளைக்கு இறக்குவது என்றால் விடியற்காலையில் இன்னொரு ட்ரிப் அடித்தால் முடிந்துவிடும்.

மறுநாள் சூப்பர் மார்க்கெட் ஆள் பதில் கேட்டு வந்தால் அந்த அம்மா சொல்ல வேண்டியது தாளிலேயே இருக்கிறது: “இப்போதைக்கு உங்க ஒரு கிளைக்கு மட்டும், தினம் 50 கிலோ. 15 நாள்ல பணம் வந்தா அடுத்த கிளையைப் பத்திப் பேசலாம் தம்பி.”